பண்டிகை அலங்காரம்: குடியிருப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

அனைவருக்கும் வணக்கம். தண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை பற்றியெல்லாம் தலைவர் பேசிவிட்டார். போன பொதுக்குழுவில் எதற்குச் சத்தம் அதிகம் எழுந்ததோ, அந்த அலங்கார விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பண்டிகைக்குப் பண்டிகை பிளாஸ்டிக் தோரணமும் தெர்மாகோலும் ஜிகினாவும் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டோம். "இதுக்கெல்லாமா தீர்மானம்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். தீர்மானம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குப்பை வண்டியில் 3 மூட்டை பிளாஸ்டிக் தோரணம் ஏறியது. மாவிலை மாதிரி ஒன்று, சாமந்தி மாதிரி ஒன்று, கிழிசல் கூட இல்லாதவை. அதில் ஒரு மூட்டை எங்கள் வீட்டுடையது. நம் தீர்மானத்தால் முதலில் நடந்த காரியம், இன்னும் சில வருஷம் தொங்கியிருக்க வேண்டியவை கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்குக்குப் போனதுதான்.

செயற்குழு கூடி அதைத் திருத்தியது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக்கைக் கிழியும்வரை கட்டுவோம். புதிதாக வாங்குவதென்றால் மண், இலை, பூ, காகிதம் மட்டும். ஒரு தகரப் பெட்டி வாங்கிப் பூங்கா அறையில் வைத்தோம். வேண்டாத தோரணத்தையும் சீரியல் விளக்கையும் அதில் போடலாம், வேண்டியவர் எடுத்துக் கட்டலாம். பெட்டியில் சேர்ந்த 14 விளக்குச் சரத்தில் 9 சரத்தை ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர் சரிசெய்து கொடுத்தார். பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு பல்புதான் போயிருந்தது. அதற்காகவே முழுச் சரத்தையும் தூக்கி எறிந்துகொண்டிருந்திருக்கிறோம்.

சித்திரைக் கனிக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி, பழத்தட்டு, பூங்கா மரத்துக் கொன்றைப் பூ என்று எப்போதும் போல நடந்தது. ஆடிக்கு வேப்பிலை.

விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 27 அன்று. குளத்தில் கரைக்கும் சிலைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் தெர்மாகோலும் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-லேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டுவிட்டது. நாம் முத்தண்ணன் குளத்துக்கோ குறிச்சிக் குளத்துக்கோ எடுத்துப் போகாமல் பூங்காவிலேயே தொட்டி வைத்தோம். 34 பிள்ளையார் வந்தார். கரைந்த மண்ணைக் குயவரே திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. சுடாத மண்தானே, ஊறினால் மறுபடியும் பிசைந்துகொள்ளலாம். ஆனால் அதில் 4 பிள்ளையார் பளபளவென்று பெயிண்ட் அடித்தவர். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டுவிட்டோம். குயவர் வந்து பார்த்துவிட்டு, "சாயம் கலந்த மண்ணு எனக்கு ஆகாதுங்கம்மா" என்று போய்விட்டார். மண் பூங்காவின் மூலையில் இன்னும் கிடக்கிறது. வரும் வருஷத்துக்கு 3 தொட்டி வாங்கியாயிற்று. ஒன்றில் "பெயிண்ட்" என்று எழுதி ஒட்டப்படும்.

இன்னொன்று. பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கும் குன்றிமணி கடும் நஞ்சு. கரைக்கும் முன் பிடுங்கி எடுத்து எண்ணினோம். 68 இருக்க வேண்டும், 61 தான் கிடைத்தது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூஜை அறைத் தரையை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள்.

நவராத்திரிக்கு 11 வீட்டில் கொலு. பார்க் வைக்க பச்சைத் துணியும் பிளாஸ்டிக் புல்லும் வாங்காமல், அமாவாசைக்கு 4 நாள் முன்பே தட்டில் மண் பரப்பி ராகி விதைத்தோம். கொலு வைக்கும்போது பொடிப்பொடியாக முளைத்து, ஐந்தாம் நாள் சின்ன வயல் போல நின்றது. ஒன்பதாம் நாள் வாடிச் சாய்ந்து அறுவடை முடிந்த வயல் ஆகிவிட்டது, அதுவும் பொருத்தம்தான். இதே வித்தையை டிசம்பரில் இரண்டாவது குறுக்குத் தெரு வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலுக்குச் செய்தார்கள். அவர்கள் கேட்டது ராகியும் வைக்கோலும் மட்டும். மூங்கில் குச்சியில் காகிதம் ஒட்டி நட்சத்திரமும் அவர்களே கட்டிக்கொண்டார்கள்.

பொம்மை பரிமாற்றம் என்று ஒன்று ஆரம்பித்தோம். அது அவ்வளவு நன்றாகப் போகவில்லை. கைமாறியதில் 40 வருஷத்துக் காகிதக்கூழ் கிருஷ்ணர் ஒருவருக்கு மூக்கு உடைந்தது. உடைத்தது யார் என்ற கேள்வி செயற்குழுவின் அதிகாரத்துக்கு வெளியே உள்ளது. அடுத்த முறை பொம்மையைக் கொடுப்பவர் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பூச்சி வராமலிருக்க வசம்பு ஒரு துண்டு வைத்துக் கொடுக்கவும். வாங்குபவர் அதே துணியில் திருப்பித் தரவும்.

கார்த்திகையில்தான் உண்மையான சண்டை. பழைய அகலையே வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று நான்தான் சொன்னேன். சிக்கனம், பூமிக்கும் நல்லது என்று பெரிதாகப் பேசினேன். தெருமுனையில் அகல் விற்கும் அம்மா இதைக் கேள்விப்பட்டு, "பிளாஸ்டிக்கு வாங்க வேண்டாம்னு சொன்னீங்க சரி, எங்ககிட்டயும் வாங்க வேண்டாம்னா நாங்க எங்கங்க போறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மண்ணை நூறு வருஷம் வைத்துக் காப்பாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. காப்பாற்ற வேண்டியது அதைச் செய்கிற கையை. நான் பிளாஸ்டிக்குக்குப் போட்ட கணக்கையே மண்ணுக்கும் போட்டுவிட்டேன். கடைசியில் நம் பாட்டிமார் வழக்கமே தீர்ப்பாயிற்று: பழையவற்றோடு வீட்டுக்கு 2 புது அகல். 62 வீட்டுக்கு 124. டிசம்பர் 3 அன்று ஏற்றினோம். புது அகலை முதலில் தண்ணீரில் ஊறவைத்தால் எண்ணெய் குடிக்காது என்பது இளசுகள் சிலருக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது தெரியும்.

மார்கழிக் கோலத்தில் இரண்டு பாடம். கலர் பொடிக்குப் பதிலாக செங்கல் தூள், கரி, மஞ்சள் என்று போட்டார்கள். ஒரு வீட்டில் மஞ்சளைச் சுண்ணாம்புப் பொடியோடு கலந்து வைக்க, தண்ணீர் பட்டதும் சூரியகாந்தி செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. வருஷம் முழுக்க ஆரத்தி கரைக்கிறவர்களுக்கே இது தோன்றவில்லை. அப்புறம், பச்சரிசி மாவுக் கோலம் எறும்புக்குச் சோறு என்பது ரொம்ப அழகான எண்ணம். அந்த எறும்பு கீழ்த்தளத்துச் சமையலறைக்குள் நுழைந்து சர்க்கரை டப்பாவைப் பிடித்ததும் அழகு போய்விடுகிறது. புகார் எழுத்துமூலம் வந்தது. அரிசி மாவு கேட்டுக்கு வெளியே, வாசற்படியில் கல்மாவு என்று முடிவு செய்தோம்.

காப்புக் கட்டு இந்த வருஷம் எனக்கு மனதுக்கு நிறைவு, கொஞ்சம் கவலையும். போகியன்று பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்துக் கட்டி நிலையிலும் கேட்டிலும் செருகுவதற்கு மேல் அலங்காரம் எதுவும் கொங்கு நாட்டில் தேவையில்லை என்பது என் கட்சி. செலவில்லை, காய்ந்தாலும் பூளை வெள்ளையாகவே நிற்கும். எங்கள் வீட்டில் அடுத்த காப்பு வரை எடுப்பதில்லை. முன்பெல்லாம் நம் காலி மனைகளிலேயே பூளை முளைத்துக் கிடந்தது. காலி மனை எல்லாம் வீடாகிவிட்டது, அதில் ஒரு வீட்டில்தான் நானும் இருக்கிறேன். இந்த முறை கட்டு ஒன்று 30 ரூபாய்க்குப் பூ மார்க்கெட்டில் வாங்கினோம். பூங்கா வேலியோரம் களை என்று பூளையை இனிப் பிடுங்க வேண்டாம் என்று தோட்டக்காரரிடம் சொல்லியாயிற்று. ஆவாரை 2 செடி வைத்தோம், ஒன்று பிழைத்தது.

பொங்கலுக்கு குருத்தோலைத் தோரணம் பின்ன தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். ஓலை கேட்டபோது தோப்புக்காரர் குருத்தில் கை வைக்க விடவில்லை, அவர் மரம் அவர் கவலை. வீட்டுமனைக்காக வெட்டிச் சாய்த்த மரத்திலிருந்து எடுத்தோம்.

கணக்கு. வீட்டுக்கு 200 வீதம் 57 வீட்டில் வசூலானது 11,400. தகரப் பெட்டி 3,200. தொட்டி மூன்றும் சேர்த்து 2,100. பூளைக் கட்டு 62-க்கு 1,860. அகல் 620. மூங்கில், காகிதம், பசை 480. ஆகச் செலவு 8,260, கையிருப்பு 3,140. பொருளாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்.

பாக்கி உள்ள 5 வீட்டின் பெயரை நான் படிக்கப்போவதில்லை. பெட்டிச் சாவி என்னிடம் இருக்கிறது, இரவு 9 மணிக்குள் வந்தால் தருகிறேன். அறிக்கையையும் கணக்கையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்