லாங் ரன்னோட தூரம் மட்டும் போட்டா போதாது, பேஸும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மராத்தான் சீசன் வந்தாலே உங்க பேப்பர்ல ஷூ, டயட், ஸ்ட்ரெட்ச்சிங்னு நிறைய வருது, நல்லாவே இருக்கு. பயிற்சி அட்டவணையும் போடுறீங்க, வாரத்துக்கு ஒரு தடவை ஓடுற நீண்ட ஓட்டம், அதான் லாங் ரன், இந்த வாரம் 24 கிலோமீட்டர் அடுத்த வாரம் 28ன்னு. ஆனா அதை எந்த பேஸ்ல, அதாவது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம்ங்கிற வேகத்துல ஓடணும்னு ஒரு வரி கூட இல்ல, முதல் தடவை 42.195 கிலோமீட்டர் ஓடப்போறவங்க பாதிப் பேரு அடிபடுறது இந்த இடத்துலதான்னு நான் நினைக்கிறேன்.

4 மணி நேரத்துல முடிக்கணும்னா ரேஸ்ல கிலோமீட்டருக்கு சுமாரா 5 நிமிஷம் 41 செகண்ட் வேணும். உடனே என்ன பண்றாங்கன்னா வாராவாரம் லாங் ரன்னையும் அதே 5:41ல ஓடிப் பாக்குறாங்க, அதுல ஓடுனாத்தான் பயிற்சின்னு ஒரு நம்பிக்கை. உண்மையில அவங்க 6:30, 7 நிமிஷம்னு ஓடுனாலே போதும். ரத்தக் குழாய் நுண்ணிசா கிளை விடுறது, தசை கொழுப்பை எரிச்சு ஓடப் பழகுறது எல்லாம் அந்த நிதான ஓட்டத்துலயே நடக்குது. வேகத்தைக் கூட்டக் கூட்ட தசையில சேமிச்சு வச்சிருக்கிற சர்க்கரைச் சத்தான கிளைக்கோஜன் மளமளன்னு காலியாகும், அது தீர்ந்து போறதுதான் 30 கிலோமீட்டர் பக்கத்துல நிறைய பேருக்கு கால் மரத்துப்போற மாதிரி ஆகுறதுக்கு ஒரு முக்கியக் காரணம். அதோட ஞாயித்துக்கிழமை முழு மூச்சா ஓடிட்டு புதன்கிழமை வரைக்கும் மாடிப்படி இறங்க முடியலன்னா அந்த வாரத்து மத்த ஓட்டம் எல்லாம் போச்சு.

குரூப்பா ஓடும்போது இதை நேர்ல பாக்கலாம். முதல்ல எல்லாரும் பேசிக்கிட்டே போவாங்க, யாரோ ஒருத்தர் அரையடி முன்னாடி போவாரு, பக்கத்துல இருக்கிறவர் அதுக்கு ஈடுகட்டுவாரு, கொஞ்ச நேரத்துல பேச்சு சுத்தமா நின்னுடும், தோள் காதுகிட்ட ஏறியிருக்கும், விரல் இறுகியிருக்கும், தடதடன்னு ஷூ சத்தம் மட்டும்தான் கேக்கும். பேச்சு நின்ன அந்த நிமிஷமே வேகத்தைக் குறைக்கணும். மூச்சு வாங்காம ஒரு முழு வாக்கியம் பேச முடியுதான்னு பாத்தாலே தெரிஞ்சிடும், இதுக்கு விலை கூடுன வாட்ச் எதுவும் வேண்டாம்.

வெயில் ஏறுனா இன்னும் கவனம் வேணும். வேர்வையா நீர் போகப் போக அதே பேஸ்ல ஓடுனாலும் இதயத் துடிப்பு கூடிக்கிட்டே போகும், அப்ப வாட்ச்ல இருக்கிற நம்பரைப் பிடிச்சுத் தொங்கக்கூடாது. ஓட்டத்தைப் பதிவு பண்ற ஆப்ல போடுற ஆவரேஜ் பேஸை நாலு பேரு பாப்பாங்களேன்னு கடைசி ரெண்டு கிலோமீட்டர் முக்கி முக்கி ஓடுறவங்களைப் பாக்கும்போது நெஜமாவே வருத்தமா இருக்கு.

உலகத்துலயே வேகமா ஓடுறவங்க கூட ரேஸ்ல முதல் பாதியை அடக்கித்தான் வாசிக்கிறாங்க. மறைந்த கென்யா வீரர் கெல்வின் கிப்டம் 2023ல சிகாகோவுல 2:00:35ல முடிச்சு உலக சாதனை பண்ணப்போ முதல் பாதி 60:48, ரெண்டாவது பாதி 59:47. அந்தப் பொறுமை ரேஸ் அன்னைக்கு திடீர்னு வராது, லாங் ரன்லதான் பழகணும். ஏற்கெனவே ஒண்ணு ரெண்டு மராத்தான் முடிச்சவங்க கடைசி 5, 8 கிலோமீட்டரை மட்டும் ரேஸ் பேஸ்ல ஓடிப் பாக்கலாம், நல்லதுதான், புதுசா வர்றவங்களுக்கு அது அவசியமே இல்ல.

அதனால அடுத்த தடவை அட்டவணை போடும்போது கிலோமீட்டர் பக்கத்துல பேஸுக்கும் ஒரு கட்டம் போடுங்க. 5 மணி நேரத்துல முடிக்கிறவங்களையும் சேத்துக்கோங்க, அவங்களுக்கு ரேஸ் பேஸே 7:06, லாங் ரன்ல கிலோமீட்டருக்கு 8 நிமிஷம் ஆகும், அந்தக் கணக்குல 32 கிலோமீட்டர்னா நாலேகால் மணி நேரம் கால் தரையில அடிபடும். அவங்களுக்கு தூரத்தை விட்டுட்டு மூணு, மூணரை மணி நேரம்னு நேரத்தைக் கணக்கு வச்சு, நடுவுல நடக்கலாம்னும் தெளிவா எழுதுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்