கோப்பை முடிந்த பின்னும் துணை நின்றவர்களுக்கு நன்றி

எங்கள் அழைப்பை ஏற்றுக் கோவில்பட்டிக்கு வந்திருந்த முன்னாள் ஹாக்கி வீரர்களுக்கும் வீராங்கனைகளுக்கும், இயன்முறை மருத்துவர்களுக்கும், அலுவலகப் பணியிலிருக்கும் நண்பர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் பணிவான வணக்கம்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் ஆடவர் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை நடந்தபோது, 24 நாடுகளின் இளைஞர்கள் நம் மண்ணில் ஆடுவதைப் பார்க்கும் வாய்ப்பு எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. ஜெர்மனி கோப்பையை வென்றது. நம் அணி அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று வெண்கலம் பெற்றது. அந்த மகிழ்ச்சியோடு ஊர் திரும்பிய பிள்ளைகளின் பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, “இந்தப் பையன்கள் எல்லாருக்கும் இனி என்ன வழி, சார்?” என்று கேட்டார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் அந்த இடத்தை அடைந்தால் அதன் பிறகு என்ன ஆகும் என்ற கவலையே அக்கேள்வியில் இருந்தது. ஆடுவதற்குப் பழக்கும் என்னைப் போன்ற பயிற்றுநர்களிடம் அதற்கு முழுமையான விடை இல்லை என்பதால், அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களையே அழைத்துப் பேச வைப்பது என்று முடிவு செய்தோம். நீங்கள் வந்தீர்கள், ஒருவரும் பணம் கேட்கவில்லை, பலர் சொந்தச் செலவில் ரயிலேறி வந்தீர்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால், பெயர் சொல்லாமலே இந்த நன்றியைப் பதிவு செய்கிறேன்.

முதலில் பேசிய முன்னாள் வீரருக்கு நன்றி. 2016 டிசம்பரில் லக்னோவில் பெல்ஜியத்தை 2-1 என்று வென்று இந்தியா ஜூனியர் உலகக் கோப்பையைக் கைப்பற்றியதை அவர் எடுத்துக்கொண்டார். இறுதிப் போட்டியில் கோல் அடித்த குர்ஜந்த் சிங்கும் சிம்ரன்ஜீத் சிங்கும், அதே அணியில் இருந்த ஹர்மன்ப்ரீத் சிங்கும் பின்னர் டோக்கியோவில் ஒலிம்பிக் வெண்கலம் வென்றார்கள். ஆனால் லக்னோவில் கோப்பையை ஏந்திய தலைவர் ஹர்ஜீத் சிங் டோக்கியோ சென்ற அணியில் இல்லை. திறமை குறைந்ததால் மட்டுமே ஒருவருக்கு இடம் போவதில்லை என்பதையும், ஒரே ஆட்டநிலைக்குப் பலர் போட்டியிடும்போது ஒரு காயமோ, பயிற்சியாளர் மாறுவதோ, ஆட்டமுறை மாறுவதோ போதும் என்பதையும், ஜூனியர் அணியின் இடம் சீனியர் அணிக்கு உறுதிச்சீட்டு அல்ல என்பதையும், அவர் பிள்ளைகளை அச்சுறுத்தாமல் பொறுமையாக விளக்கினார். இதை நான் பலமுறை சொல்லியிருந்தாலும், இந்தியச் சட்டை அணிந்தவர் வாயிலிருந்து வரும்போதுதான் பிள்ளைகளின் காதில் ஏறுகிறது.

சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் 2007ஆம் ஆண்டு நடந்த ஆசியக் கோப்பையை நேரில் பார்த்த மூத்த பயிற்றுநருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். இறுதிப் போட்டியில் திலீப் திர்க்கி தலைமையிலான அணி தென் கொரியாவை 7-2 என்று வென்ற அந்தச் செப்டம்பர் மாதத்திலேயே, இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்ற கிரிக்கெட் வீரர்களுக்குப் பரிசுகள் குவிந்தன. ஆசியக் கோப்பை வென்ற கர்நாடக வீரர்களோ தங்களையும் மதிக்கக் கோரி உண்ணாநிலைப் போராட்டம் நடத்தப்போவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. அடுத்த மார்ச் மாதம் சிலி நாட்டின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்ற இந்தியா, 1928க்குப் பிறகு முதல் முறையாக ஒலிம்பிக் ஹாக்கிக்குத் தகுதி பெறாமல் போனது. சொந்த ஊர்க் கூட்டத்தின் ஆரவாரத்துக்கும் அந்தத் தோல்விக்கும் இடையில் ஆறு மாதம்தான் இருந்தது என்று அவர் சொன்னபோது அரங்கில் இருந்த பெற்றோர் பலர் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தேன். அதே திலீப் திர்க்கி இன்று ஹாக்கி இந்தியா அமைப்பின் தலைவராக இருப்பதையும் அவர் சேர்த்துச் சொன்னார்.

எல்லோரையும் விட அதிகமாக நான் நன்றி சொல்ல வேண்டியது, ரயில்வே பணியில் இருந்துகொண்டே பல ஆண்டுகள் ஆடிய சகோதரிக்கு. மகளிர் ஹாக்கியைப் பற்றிப் பேச இங்கே வாய்ப்பே அமைவதில்லை. அவர் அந்தக் குறையைத் தீர்த்தார். 2023 நவம்பரில் ராஞ்சியில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டியில் ஜப்பானை 4-0 என்று வென்று இந்திய மகளிர் அணி கொண்டாடியது. அதே அரங்கில், 2024 ஜனவரியில், ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜெர்மனியிடம், சமநிலைக்குப் பிறகு ஒவ்வொருவராகக் கோல்காப்பாளரை எதிர்கொள்ளும் ஷூட் அவுட்டில் தோற்று, பிறகு அதே ஜப்பானிடம் 0-1 என்று தோற்று, பாரிஸ் வாய்ப்பை இழந்தது. மூன்று மாதத்துக்குள் ஒரே ஊர், ஒரே கூட்டம், ஏறக்குறைய அதே வீராங்கனைகள். தோற்ற மறுநாள் விடுதி அறையில் ஒரு வீராங்கனைக்கு என்னவெல்லாம் தோன்றும் என்பதை அவர் தன் அனுபவத்திலிருந்து சொன்னார்: அலைபேசியைத் திறக்க அச்சம், வீட்டுக்குப் போனால் உறவினர் கேட்கப்போகும் கேள்விகள், அலுவலகத்தில் விடுப்பு முடிந்து கையெழுத்திட வேண்டிய நாள், திருமணப் பேச்சை இனியும் தள்ளிப்போட முடியாத நெருக்கடி. இவற்றில் ஒன்றைக் கூட மதிப்பெண் பலகை காட்டாது. அந்த அணி 2024 நவம்பரில் பீகாரின் ராஜ்கிரில் சீனாவை 1-0 என்று வென்று மீண்டும் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைத் தக்கவைத்தது. இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பெண்களைத் தாங்கியவர்கள் தாய்மாரும், அறைத்தோழிகளும், விடுப்பு கொடுத்த மேலதிகாரிகளும்தான் என்று அவர் சொன்னதை எங்கள் பெண் பிள்ளைகள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள். உரை முடிந்த பிறகும் போகாமல், தயக்கத்தோடு நின்றிருந்த மாணவிகளோடு தனியே அமர்ந்து பேசினீர்கள், அக்கா. அன்று ஆட்டத்தை விட்டுவிட நினைத்திருந்த ஒரு மாணவி இப்போது மீண்டும் காலைப் பயிற்சிக்கு வருகிறாள்.

மனநலம் பற்றிப் பேசிய உளவியல் ஆலோசகருக்கும் நன்றி. 2023 ஜனவரியில் புவனேஸ்வரத்தில் நடந்த உலகக் கோப்பையில் நியூஸிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்றுக் காலிறுதிக்குக் கூட முன்னேறாத ஆடவர் அணி, அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னையில் மலேசியாவை 4-3 என்று வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைப் பெற்றதையும், அந்த இடைவெளியில் மனப்பயிற்சிக்கென்றே பேடி அப்டன் அமர்த்தப்பட்டதையும் அவர் சுட்டிக்காட்டினார். உதவி கேட்பது பலவீனம் என்று எண்ணும் பழக்கம் நம் மைதானங்களில் இன்னும் வேரோடிக் கிடக்கிறது. அரியலூர்ப் பையனான கார்த்தி செல்வம் ஆடிய அணியே அந்த உதவியைப் பெற்றது என்று சொன்னால், எங்கள் பிள்ளைகள் அதை வேறு விதமாகப் பார்க்கிறார்கள்.

வேலைவாய்ப்பு விவரங்களைச் சலிக்காமல் விளக்கிய வங்கி அலுவலருக்கும் அரசுப் பணியில் உள்ள நண்பருக்கும் தனியாக நன்றி கூற வேண்டும். நம் ஹாக்கி வீரர்களின் மாதச் சம்பளம் பெரும்பாலும் ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், வங்கிகள், காவல் துறை, இராணுவம் ஆகியவற்றிலிருந்தே வருகிறது. தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. ஆனால் நாட்டுக்காக ஆடியதற்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2, பல்கலைக்கழகப் போட்டிக்குப் படிவம் 3, பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4 என்று தனித்தனியே சான்று பெற்று வைக்க வேண்டும் என்பதைப் பெற்றோரில் பெரும்பாலோர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். பதக்கத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டுச் சான்றிதழைத் தொலைத்த குடும்பங்களை நான் அறிவேன். மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் ஒலிம்பிக், உலகக் கோப்பை, ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டுப் பதக்கங்களுக்கு உரியது என்பதையும், அதுவும் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 30 வயதுக்குப் பின்னரே கிடைக்கும் என்பதையும் நீங்கள் தெளிவுபடுத்தினீர்கள். பட்டப்படிப்பை விட்டுவிடாதீர்கள் என்று நாங்கள் சொல்லும்போது முகம் சுளித்த பையன்கள், பதவி உயர்வுக்கு அந்தப் பட்டம் எப்படித் தேவைப்படுகிறது என்பதை உங்கள் வாயால் கேட்டு அமைதியானார்கள்.

இயன்முறை மருத்துவர்கள் இருவருக்கும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. குனிந்தே ஓடும் ஆட்டம் இது என்பதால் இடுப்பும் முழங்காலும் தொடையின் பின்தசையும் முதலில் தேய்கின்றன. எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி கார்னரில், பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃப்ளிக் செய்பவருக்கு முதுகின் கீழ்ப்பகுதி ஒவ்வொரு முறையும் முறுக்கப்படுகிறது. தேசிய முகாமில் இருக்கும்வரை ஐஸ் குளியலும் மசாஜும் ஸ்கேனும் கேட்காமலே கிடைக்கும். முகாமிலிருந்து விடுவிக்கப்பட்ட நாள் முதல் அவையெல்லாம் சொந்தச் செலவு. நீங்கள் எங்கள் பிள்ளைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், வந்திருந்த பழைய வீரர்களின் முழங்கால்களையும் பரிசோதித்து, ஒருவருக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று எடுத்துச் சொல்லி, மருத்துவமனையில் அதற்கான நாளையும் பெற்றுத் தந்தீர்கள். அவர் இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார் என்ற செய்தியை உங்களுக்குத் தெரிவிப்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாடகையின்றித் தந்தவருக்கும், வந்தவர்கள் அனைவருக்கும் வீட்டுச் சாப்பாடு போட்ட பெற்றோர் சங்கத் தாய்மாருக்கும், பழைய மட்டைகளைச் சீர்செய்து பிள்ளைகளுக்குக் கொடுத்த அண்ணனுக்கும், விருந்தினரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வந்த ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் எங்கள் நன்றி. ஹாக்கிப்பட்டி என்று நம் ஊரை மற்றவர்கள் அழைப்பதற்கு உங்களைப் போன்றவர்களே காரணம்.

நீங்கள் அளித்த ஆலோசனைப்படி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் கோப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டோம். படிவங்களின் நகல்கள் பயிற்சி அறையிலேயே பாதுகாக்கப்படும். ஆட்டத்தை விட்டு வந்து வேலையின்றி இருக்கும் எங்கள் பகுதி வீரர்களின் விவரங்களையும் தொகுத்து வருகிறோம். அந்தப் பட்டியல் முடிந்ததும், உங்களில் வேலை வழிகாட்டுவதாகச் சொன்னவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

என்றும் நன்றியுடன்,
ஹாக்கிப் பயிற்றுநர் ஒருவர்,
பிள்ளைகள் மற்றும் பெற்றோர் சார்பாக,
கோவில்பட்டி.