டயாலிசிஸ் நேரத்தை ஊர் பார்த்துப் பிரிக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து 3 வருஷம் ஆகிறது. லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். இப்போது செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம், அரசு மருத்துவமனையில் மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடப்பதால் மெஷினுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை. அது இல்லையென்றால் அவர் இன்று உயிரோடு இருக்க மாட்டார். எங்கள் பாடெல்லாம் அந்த மெஷினிடம் போய்ச் சேர்வதுதான்.

ஊரிலிருந்து மருத்துவமனை 38 கிலோமீட்டர், இரண்டு பஸ் மாற வேண்டும். அவருக்குக் கொடுத்திருப்பது காலை 6 மணி முறை. எங்கள் ஊருக்கு முதல் பஸ்ஸே 6.10-க்குத்தான் வரும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே கிளம்பிப் போய், வராந்தாவில் துண்டை விரித்துப் படுக்கிறோம். முடிந்து எழுந்ததும் பிரஷர் இறங்கித் தலை சுற்றும், தனியாக அனுப்ப முடியாது. நான் நடவுக்கும் களைக்கும் போகிறவள். வாரத்தில் எத்தனை நாள் கூலி மிஞ்சும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசி மழையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் வரவில்லை. சனிக்கிழமை முறை போயிற்று. இனி செவ்வாய்தான் என்று இருந்தோம். திங்கள் ராத்திரி அவரால் படுக்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. திண்ணையில் உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டே 108-க்குப் போன் செய்தேன். மருத்துவமனையில் பார்த்தால், உடம்பில் நீர் தங்கி எடை ஐந்தரைக் கிலோ ஏறியிருந்தது. "தண்ணி குடிச்சீங்களா, உப்பு போட்டுச் சாப்பிட்டீங்களா" என்று திட்டினார்கள். பஸ் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஒழுங்காக வராதவர் என்று பெயர் மட்டும் வந்துவிட்டது.

அவர் ஒழுங்கில்லாதவர் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு சின்னச் சொம்புத் தண்ணீர்தான் அளந்து வைக்கிறேன், சித்திரை வெயிலிலும் அதுதான். கருவாடு, அப்பளம், ஊறுகாய் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சமைக்கிறேன். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பாசத்தில் இளநீரைச் சீவிக்கொண்டு வருவார்கள், "கிட்னிக்கு நல்லது மாப்ள, குடிங்க" என்று. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். இதை உங்கள் பத்திரிகை பெரிய எழுத்தில் போட்டால்கூடப் புண்ணியம்.

நான் கேட்க வந்தது இதுதான். எங்கள் பஸ் பாதையிலிருந்து மட்டும் 5 பேர் அதே மருத்துவமனைக்கு வருகிறோம். வராந்தாவில் படுத்துப் படுத்துத்தான் இது தெரிந்தது. இவரைத் தவிர ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு மதியம், இரண்டு பேருக்குத் திங்கள், புதன், வெள்ளி. அந்த நாலு பேரில் ஒருவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பதால் தனி மெஷின், அவரை மாற்ற முடியாது, சரி. மற்ற 4 பேரையும் ஒரே நாளில், 11 மணி முறையில் போட்டால் ஒரு வண்டி பேசிக்கொண்டு சேர்ந்தே போய் வருவோம். துணைக்கு 4 பேர் வர வேண்டாம், இரண்டு பேர் போதும். மற்ற இரண்டு வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியும். இதற்கு அரசாங்கம் புதிதாக மெஷின் வாங்க வேண்டியதில்லை. முறை எழுதும்போது நோயாளியின் ஊரையும் பஸ் நேரத்தையும் ஒரு தடவை கேட்டால் போதும்.

அப்புறம் இன்னொன்று. அங்கே டெக்னீஷியன் தம்பி ஒருவர், யாராவது வரவில்லையென்றால் தன் சொந்தப் போனில் கூப்பிட்டு "ஏன் வரல" என்று கேட்பார். அவர் இருந்தவரை எங்களில் யாரும் முறை தவறியதில்லை. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்த ஒரு போனை மருத்துவமனையின் வேலையாகவே வைக்க வேண்டும்.

நாங்கள் 4 பேரின் பெயர், ஊர், பஸ் நேரம் எல்லாம் எழுதி சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறேன். நல்ல யோசனைதான், ஆனால் மேலே இருப்பவர்கள் சொன்னால்தான் மாற்ற முடியும் என்றார். மேலே இருப்பவர்கள் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மனைவி