இண்டியானா யாரோட ஆடுச்சுன்னு கேட்டியே மாப்ள

மாப்ள,

உன் லெட்டர படிச்சு நாளாச்சு, பதில் போடத்தான் லேட்டு. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் உயிர எடுத்துடுச்சு, அதோட செப்டம்பர்லருந்து அம்மா வந்து இருக்காங்க, கொலம்பஸ் பனியில அவங்கள எங்கயும் கூட்டிட்டு போக முடியாம வீட்டுக்குள்ளயே சீரியலும் ஹீட்டருமா ஓடுது. ஆனா ஒண்ணு, அம்மா இப்ப பக்கைஸ் (எங்க ஊர் ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டியோட அமெரிக்கன் புட்பால் டீம்) ஃபேன். சனிக்கிழமையானா இட்லி ஊத்தும்போதே "இன்னைக்கு செவப்பு சட்டைக்காரங்களுக்கு எத்தன மணிக்கு"ன்னு கேக்குறாங்க, ஃபர்ஸ்ட் டவுன்னா என்னன்னு நான் மூணு வருஷமா உன் தங்கச்சிக்கு சொல்லி புரியாதத அவங்க ஒரே மேட்ச்ல புடிச்சுட்டாங்க. உன் முட்டி எப்படிடா இருக்கு? பிசியோதெரபிய பாதியில விட்டுடாத, நீ விடுவ, எனக்கு தெரியும்.

சரி விஷயத்துக்கு வரேன். உன் லெட்டர்ல முக்கால்வாசி, இண்டியானா டீம் சப்பை டீம்களோட ஆடித்தான் 2025 சீசன்ல மேல வந்துச்சுன்னு திட்டியே ரொப்பியிருக்க. ரோஸ் பவுலுக்கு (கமிட்டி பொறுக்கி எடுத்த 12 டீம் மோதுற பிளேஆஃப்ல இண்டியானா உங்க அலபாமாவோட ஆடுன மேட்ச்) முன்னாடி எழுதியிருந்தா பரவால்ல, ஃபைனலே முடிஞ்சு அவன் கப்ப தூக்கிட்டு போன பிறகும் "ஷெட்யூல பாத்தியா, யாரோட ஆடுனாங்க"ன்னு ஒரு அலபாமாக்காரன் எழுதுறான் பாரு, அந்த தைரியம் எல்லாருக்கும் வராதுடா.

யாரோட ஆடுனாங்கன்னு நானே சொல்றேன். ஆரம்பத்துல ஓல்ட் டொமினியன், கென்னஸா ஸ்டேட், இண்டியானா ஸ்டேட், இந்த மூணும் சப்பை, ஒத்துக்குறேன். அப்புறம் இல்லினாய்ஸ 63-10, ஆரிகன அவங்க ஊர் யூஜின்லயே போய் 30-20, பிக் டென்ங்கிற எங்க கான்ஃபரன்ஸ் (டீம்களோட கூட்டமைப்பு) ஃபைனல்ல எங்கள 13-10 (அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல), ரோஸ் பவுல்ல உங்கள 38-3, செமில ஆரிகன மறுபடியும் 56-22, கடைசியா மயாமிய அவங்க ஊர் ஸ்டேடியத்துலயே 27-21. மொத்தம் 16-0, அதாவது 16 மேட்ச் ஜெயிச்சு ஒண்ணு கூட தோக்கல. 1894ல யேல் யுனிவர்சிட்டி பண்ணதுக்கப்புறம் எவனும் பண்ணலயாம். அதுவும் எந்த டீம், காலேஜ் புட்பால் சரித்திரத்துலயே அதிகமா தோத்த டீம்னு பேர் வாங்கி வச்சிருந்த டீம். கோச் சிக்னெட்டி வந்து ரெண்டே சீசன்டா.

2024ல நீ இதையே சொன்னப்ப அதுல பாயிண்ட் இருந்துச்சு. 11-1னு வந்தாங்க, அந்த சீசன்ல பெரிய டீம்னு ஆடுனது எங்களோட மட்டும்தான், 38-15ன்னு வாங்கிட்டு போனாங்க, பிளேஆஃப்ல நோட்டர் டேம்கிட்ட 27-17. அப்பவும் அவங்க உள்ள வந்தது சரின்னுதான் சொன்னேன், இப்பவும் சொல்றேன், ஏன்னா அவங்களுக்கு பதிலா நீ உள்ள விடச் சொன்ன 9-3 அலபாமா வாண்டர்பில்ட்கிட்ட 40-35 தோத்துச்சு, 6-6ன்னு முடிச்ச ஓக்லஹோமாகிட்ட 24-3ன்னு தோத்துச்சு. கஷ்டமான ஷெட்யூல்தான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்த ஷெட்யூல்ல கஷ்டமான டீம்கிட்டயா தோத்தீங்க? இதுதான் எனக்கு புரியவே மாட்டேங்குது, ஜார்ஜியாகிட்ட தோத்துட்டு வந்து ஷெட்யூல் கஷ்டம்னு சொன்னா கேப்பேன், ஜார்ஜியாவ ஜெயிச்சுட்டு வாண்டர்பில்ட்கிட்ட தோத்துட்டு வந்து ஷெட்யூல் கஷ்டம்னா என்னடா அர்த்தம்.

நம்ம பிளஸ் டூ சமயத்துல ஸ்டேட் போர்டு மார்க்கா சிபிஎஸ்இ மார்க்கான்னு நடந்த சண்டை ஞாபகம் இருக்கா, நீ சிபிஎஸ்இ, "எங்க 85 உங்க 95க்கு சமம்"னு ஹாஸ்டல்ல நாலு வருஷமும் பேசிட்டே இருந்த. இன்னைக்கு உங்க அலபாமா இருக்குற எஸ்இசி கான்ஃபரன்ஸுக்காக நீ பேசுறது அதேதான், ஒரு வரி மாறல.

ஷெட்யூல யார் போடுறா யோசிச்சுப் பாரு. கான்ஃபரன்ஸ் மேட்ச் எல்லாம் கான்ஃபரன்ஸ் போட்டு குடுக்குறது. வெளிய ஆடுற பெரிய மேட்ச் எல்லாம் பல வருஷம் முன்னாடியே கான்ட்ராக்ட் போட்டு வச்சது, அப்ப இந்த பசங்க ஸ்கூல்ல படிச்சிட்டு இருந்தானுங்க. எட்டு வருஷம் கழிச்சு எதிர் டீம் நல்லா இருக்குமா நாசமா போயிருக்குமான்னு எவனுக்கு தெரியும்? மிச்சம் இருக்குறது காசு குடுத்து கூப்பிட்டு அடிக்கிற மேட்ச், அதுல எல்லாரும் ஒண்ணுதான். நாங்க கிராம்ப்ளிங்க 70-0ன்னு அடிச்சோம், அதே நாள் நீங்க லூசியானா மன்றோவ 73-0. உங்காளுங்க இன்னும் ஒரு படி மேல, நவம்பர் கடைசியில மத்தவன் எல்லாம் உயிர குடுத்து ஆடிட்டு இருக்கும்போது ஈஸ்டர்ன் இல்லினாய்ஸ கூப்பிட்டு 56-0ன்னு ரெஸ்ட் எடுத்தீங்க. அந்த சின்ன காலேஜுக்கு அந்த செக் பெரிய விஷயம், அவங்க மத்த ஸ்போர்ட்ஸ் ஓடுறதுக்கும் அது உதவுது, அதனால அது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதையும் பண்ணிட்டு எங்க ஷெட்யூல் மாதிரி உண்டான்னு கேக்கக் கூடாது. எஸ்இசி 2026லருந்து ஒம்போது கான்ஃபரன்ஸ் மேட்ச்னு மாத்துறாங்க, நல்லது, நாங்க ரொம்ப வருஷமா ஒம்போதுதான் ஆடுறோம்.

அதுக்காக ஷெட்யூலே பாக்கக் கூடாதுன்னு சொல்றேன்னு நினைச்சுக்காத. நல்ல டீம ஜெயிச்சா நிறைய மார்க் குடு, நல்ல டீம்கிட்ட தோத்தா கொஞ்சமா கழி, சப்பை டீம்கிட்ட தோத்தா தாராளமா கழி, அவ்ளோதான். 2025ல கமிட்டி ரெக்கார்டு ஸ்ட்ரெங்த்னு ஒரு அளவு புதுசா கொண்டு வந்தாங்கல்ல, அதுவும் கிட்டத்தட்ட இததான் பண்ணுது. இத வச்சு பாத்தா டெக்சாஸ் புலம்பலுக்கும் பதில் கிடைக்கும். 9-3ன்னு முடிச்சுட்டு, ஒஹாயோ ஸ்டேட்டோட ஆடாம இருந்திருந்தா நாங்க உள்ள வந்திருப்போம்னு அவங்க கோச் சார்கிசியன் சொல்லிட்டு திரிஞ்சாரு. எங்ககிட்ட 14-7தான தோத்தாங்க, அதுவும் எங்க ஊருக்கு வந்து, அதுக்கு அவங்கள தண்டிச்சா இனிமே ஆகஸ்ட்ல எவனும் பெரிய மேட்ச் போட மாட்டான்னு அவர் சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா அவங்கள கவுத்தது அந்த மேட்ச் இல்லயே, ஃப்ளோரிடாகிட்ட 29-21 தோத்ததுதான. அந்த ஃப்ளோரிடா சீசன 4-8ன்னு முடிச்சுச்சு. அத விட்டுட்டு பேசுனா எப்படி.

இதே கணக்க உனக்கும் போடணும்ல. ஃப்ளோரிடா ஸ்டேட்கிட்ட 31-17 தோத்தீங்க, அவங்க 5-7. ஆனா ஜார்ஜியாவ ஏதென்ஸ்ல போய் 24-21 ஜெயிச்சீங்க, அதுக்காக உள்ள விட்டது எனக்கு ஓகே. கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல 28-7 தோத்தும் ஒம்போதாவது இடத்துலருந்து ஒரு இன்ச் கூட இறங்கலயே, அது மட்டும்தான் இடிக்குது. ஏன்னா அதே நாள் பிஒய்யு டெக்சாஸ் டெக்கிட்ட 34-7 தோத்தப்ப 11லருந்து 12க்கு இறக்குனாங்க. அதுல நோட்டர் டேமோட பிளேஆஃப் இடம் காலி. எப்படின்னு பாரு, அதுக்கு முந்தின வாரம் நோட்டர் டேம் 10, பிஒய்யு 11, மயாமி 12. நடுவுல நின்ன பிஒய்யு நகந்ததும் மத்த ரெண்டும் பக்கத்து பக்கத்துல வந்துச்சு, உடனே கமிட்டிக்கு ஆகஸ்ட் 31ல மயாமி 27-24 ஜெயிச்சது ஞாபகம் வந்துடுச்சு. அந்த மேட்ச் நவம்பர் பூரா எங்கடா போயிருந்துச்சு? ரெண்டு டீமும் அந்த வாரம் ஆடவே இல்ல, வீட்ல உக்காந்திருந்தாங்க. முடிவு சரியான முடிவு, நேருக்கு நேர் ஜெயிச்சவன் மேலதான் இருக்கணும், மயாமியும் ஃபைனல் வரைக்கும் போய் காமிச்சுட்டான் (நடுவுல காட்டன் பவுல்ல எங்கள 24-14ன்னு சாத்திட்டு), ஆனா அந்த முடிவுக்கு வந்த வழி இருக்கே, அத நோட்டர் டேம்காரன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். கோவத்துல வேற பவுல் கேமே வேணாம்னு போயிட்டானுங்க, அது சின்னப்புள்ளத்தனம்.

நீ என்ன சொன்னாலும் என் மனசுல நிக்கிறது 2023 ஃப்ளோரிடா ஸ்டேட்தான். 13-0, ஏசிசிங்கிற கான்ஃபரன்ஸோட சாம்பியன், குவாட்டர்பேக் (பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்துறவன்) கால் ஒடஞ்சுதுன்னு வெளிய தள்ளிட்டு உங்கள உள்ள எடுத்தாங்க. மூணாவது குவாட்டர்பேக்க வச்சு இவங்க என்ன பண்ணிடப் போறாங்கன்னு கேட்ட. 2014ல நாங்க மூணாவது குவாட்டர்பேக் கார்டேல் ஜோன்ஸ வச்சுதான் விஸ்கான்சின 59-0, அப்புறம் உங்க அலபாமாவ, கடைசியா ஆரிகன அடிச்சு கப் வாங்குனோம். ஆரஞ்சு பவுல்ல ஜார்ஜியா அவங்கள 63-3ன்னு அடிச்சத நீ காட்டுவ, பாதி டீம் ஆடாம வெளியேறுன மேட்ச வச்சு என்னத்த நிரூபிக்கிறது. 2017ல யுசிஎஃப்புக்கும் இதேதான், ஒரு மேட்ச் கூட தோக்கல, அந்த வருஷம் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் ஜெயிச்ச ஆபர்ன பீச் பவுல்ல 34-27ன்னு அடிச்சான், அவன கமிட்டி பிளேஆஃப்புக்குள்ள எடுக்கவே இல்ல. அவங்களே சாம்பியன்னு அறிவிச்சுகிட்டு ஊர்வலம் போனப்ப எல்லாரும் சிரிச்சோம். நீ ஹன்ட்ஸ்வில்ல இருந்து சிரிச்ச சத்தம் இங்க கேட்டுச்சு.

துலேன், ஜேம்ஸ் மேடிசன் ரெண்டையும் உள்ள விட்டது வேஸ்ட்னு எழுதியிருந்த. துலேன் 41-10 வாங்குனான், சரி. ஜேம்ஸ் மேடிசன் தோத்தாலும் ஆரிகன் மேல 34 பாயிண்ட் போட்டான், நீங்க இண்டியானா மேல போட்டது 3. ராங்க்ல மேல இருக்குற அஞ்சு கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கு அப்ப இடம் உறுதி, அதுல ஒரு இடம் அவனுக்கு கிடைச்சதுக்கு காரணம் ஏசிசிய ராங்க்லயே இல்லாத 8-5 டியூக் ஜெயிச்சதுதான், போய் ஏசிசிய திட்டு.

பெரியவ பதினொண்ணாவது படிக்கிறா, காலேஜ் லிஸ்ட் போட ஆரம்பிச்சுட்டா, அதுல எங்க பரம எதிரி மிஷிகன் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல, பெத்தவன் எத்தனைய தாங்குறது. சின்னவன் உன் மாதிரியே சோறு பாத்தா ஓடுறான், மத்தபடி நல்லா இருக்கான். அம்மா மார்ச் முதல் வாரம் கெளம்புறாங்க, அதுக்குள்ள ஒரு நாள் வீடியோ கால் போடு, உன்ன கேட்டுட்டே இருக்காங்க, ஆனா ரோஸ் பவுல் பத்தி அவங்ககிட்ட பேச்செடுக்காத, ஸ்கோர் அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

செப்டம்பர் 12 நாங்க ஆஸ்டின்ல டெக்சாஸோட ஆடுறோம், டிக்கெட் வெலைய பாத்தா நெஞ்சு வலிக்குது, ஆனாலும் போலாம்னு இருக்கேன். நீ வரியா? உங்களுக்கு ஃப்ளோரிடா ஸ்டேட் மேட்ச் அடுத்த சனிக்கிழமைதான், அதுக்குள்ள ஊர் திரும்பிடலாம். மார்ச் கடைசிக்குள்ள சொல்லு, ஹோட்டல் போடணும். அப்புறம் ரோஸ் பவுல் பெட் காசு 50 டாலர் இன்னும் வரல மாப்ள, ஷெட்யூல் கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்லாம ஜெல் (Zelle) ஆப்ல அனுப்பி விடு.

உன் மச்சான்
கொலம்பஸ்