எலி ராஜாவுக்கும் ஒரு காரணம் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் கிறிஸ்துமஸ் கதைகளைப் பற்றி வந்த கட்டுரையை நானும் என் பேரப்பிள்ளைகளும் சேர்ந்துதான் படித்தோம். அதாவது நான் படித்தேன், அவர்கள் லிச்சி உரித்துத் தின்றுகொண்டே கேட்டார்கள். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பழைய கதைகளில் அரக்கர்கள் வெறும் அரக்கர்கள், இன்றைய சினிமாதான் அவர்களுக்கும் ஒரு மனசு, ஒரு சோகம் உண்டு என்று காட்டுகிறது, அது நல்ல முன்னேற்றம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு விஷயம் தலைகீழாகத் தெரிகிறது.

எலி ராஜாவையே எடுத்துக்கொள்வோம். ஹாஃப்மன் என்ற ஜெர்மன் எழுத்தாளர் 1816-ல் எழுதிய நட்கிராக்கர் (கொட்டை உடைக்கும் மரப் பொம்மை) கதையில் அவனுக்கு ஏழு தலை, ஏழு கிரீடம். ராத்திரியில் மரீ என்ற சின்னப் பெண்ணின் படுக்கைப் பக்கம் வந்து, உன் மிட்டாயைக் கொடு, இல்லையென்றால் உன் பொம்மையைக் கடித்துக் குதறிவிடுவேன் என்று மிரட்டுகிறான். மிட்டாய் கொடுத்தால் அடுத்த ராத்திரி சர்க்கரைப் பொம்மை கேட்கிறான், அப்புறம் படப் புத்தகம், புதுச் சட்டை. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளிடம் டிபன் பறிக்கிற பையன் எப்படிப் படிப்படியாகக் கேட்பானோ, அச்சு அசல் அதே மாதிரி. இவன் ஏன் இப்படி என்பதற்கும் அதே கதைக்குள் இன்னொரு கதை இருக்கிறது. ஒரு ராஜாவின் விருந்துக்கு ராணி தன் கையாலேயே சாசேஜ் செய்கிறாள், அதற்கு வைத்திருந்த கொழுப்பை எலி ராணியும் அவளுடைய ஏழு மகன்களும் சொந்தக்காரர்களும் வந்து தின்றுவிடுகிறார்கள், சாசேஜில் கொழுப்பு குறைந்துவிட்டதே என்று ராஜா மூக்கைச் சிந்தி அழுது, பொறி வைத்து அந்த ஏழு மகன்களையும் கொன்றுவிடுகிறான். ஏழு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்கு அதற்குப் பிறகு பிறந்தவன்தான் ஏழு தலைக்காரன். இதற்கு மேல் என்ன சோகம் வேண்டும்? இருநூறு வருஷத்துக்கு முன்பே எழுதிவிட்டார் மனுஷன். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, ஆகவே பாவம், எலி ராஜாவை விட்டுவிடுங்கள் என்று அவர் எங்கேயும் கெஞ்சவில்லை. காரணம் வேறு, மன்னிப்பு வேறு.

1892-ல் ரஷ்யாவில் அதைப் பாலே நடனமாக ஆக்கியபோது, டூமா என்ற எழுத்தாளர் பிரெஞ்சில் திருப்பி எழுதிய கதையைத்தான் வைத்துக்கொண்டார்கள், சாசேஜ் கதை முழுக்கப் போய்விட்டது. முதல் பாதியிலேயே பெண் செருப்பை வீசுகிறாள், எலி ராஜா செத்தான், மிச்ச நேரம் முழுக்க மிட்டாய் நாட்டில் ஆட்டம். சாய்கோவ்ஸ்கியின் சங்கீதத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்த எலிக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றுதான் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தோன்றுகிறது.

ஊர் ஜனங்களின் கிறிஸ்துமஸையே திருடிப் போகும் கிரிஞ்ச் விஷயம் இதற்கு நேர் எதிர். 1957-ல் டாக்டர் சூஸ் எழுதி வந்த புத்தகத்தில் அவன் ஏன் கிறிஸ்துமஸை வெறுக்கிறான் என்பது சரியாகத் தெரியாது, ஒருவேளை செருப்பு இறுக்கமாக இருந்திருக்கலாம், இல்லை இதயமே ரெண்டு அளவு சின்னதாக இருந்திருக்கலாம் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது கதை. பிள்ளைகளுக்கு அது போதும். அவர்களே சில நாள் காரணமே இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர்கள்தானே. 2000-ல் ஜிம் கேரி நடித்த படத்தில் அவனைச் சின்ன வயசில் வகுப்பில் எல்லோரும் கேலி செய்தார்கள் என்று ஒரு முன்கதை சேர்த்தார்கள். 2018 கார்ட்டூனில் அநாதை இல்லம். ஊரே குற்றவாளி ஆகிவிட்டது, திருடினவன் பாவப்பட்டவன் ஆகிவிட்டான். பழைய கதையில் எல்லாவற்றையும் பறிகொடுத்த ஊர் ஜனங்கள் மறுநாள் காலையில் கைகோத்துப் பாடுகிறார்கள், அதைக் கேட்டுத்தான் அவன் மனம் மாறுகிறது. அவர்கள் பக்கம் தப்பே இல்லை என்பதால்தான் அந்தப் பாட்டுக்கு அவ்வளவு வலு.

புதிதாகச் சேர்ப்பதெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. சாண்டாவின் வண்டியை இழுக்கும் சிவப்பு மூக்கு மான் ருடால்ஃபின் கதை 1939-ல் புத்தகமாக வந்தபோது அதில் அரக்கனே கிடையாது. 1964-ல் பொம்மைகளை அசைத்து எடுத்த டிவி படத்தில்தான் அந்தப் பெரிய வெள்ளைப் பனி அரக்கன் வந்தான். பல் வைத்தியனாக ஆசைப்படும் ஒரு குட்டிப் பயல் அவன் பல் அத்தனையையும் பிடுங்கிவிடுகிறான், கடைசியில் அரக்கன் சாதுவாகி மரத்தின் உச்சியில் நட்சத்திரத்தை மாட்டுகிறான், ஏணி வேண்டாம் அவனுக்கு. என் பேத்தி அதைப் பார்த்துவிட்டு, "பல் இல்லாமல் இனி என்ன சாப்பிடும்?" என்று எங்கள் மொரீஷியஸ் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டாள். "லிச்சி" என்றான் அவள் தம்பி, கொட்டையைத் துப்பிக்கொண்டே. காவடிக்கு மயிலிறகு கட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. சூரன் மயிலாகவும் சேவலாகவும் மாறி முருகனிடமே இருந்துவிடவில்லையா?

ஆனால் எல்லா வில்லனுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஓஸ் கதைகள் எழுதிய அமெரிக்க எழுத்தாளர் பாம் 1902-ல் சாண்டா கிளாஸின் வாழ்க்கையையே ஒரு முழுக்கதையாக எழுதினார், அதில் ஆக்வா என்று ஒரு கூட்டம் வருகிறது. கண்ணுக்குத் தெரியாமல் வந்து பிள்ளைகளின் மனசில் கெட்ட எண்ணத்தைப் போடுவதுதான் அவர்கள் தொழில். சாண்டா கொடுத்த பொம்மையோடு விளையாடும் பிள்ளை இவர்கள் பேச்சைக் கேட்பதில்லை, பிழைப்பு படுத்துவிட்டது, அதனால் அவர் மேல் கோபம். இதைவிடத் தெளிவான காரணத்தை நான் எந்த வில்லனிடமும் பார்த்ததில்லை. இவர்களைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை, ஆனாலும் சரித்திரத்தில் இருக்கிறார்களே, விட முடியுமா என்று பாமே ஒரு இடத்தில் சலித்துக்கொள்கிறார். கடைசியில் பெரிய போர். ஆக்வாக்களுக்குத் துணையாக ஆசியாவின் டிராகன்களும் மூன்று கண் ராட்சதர்களும் வருகிறார்கள். (மூன்று கண் இருந்தாலே வில்லனாம்! எங்கள் ஊர்க் கோயில் பக்கம் வந்து சொல்லிப் பார்க்கட்டும்.) அந்தக் கூட்டம் மொத்தமும் அழிகிறது. 1985-ல் இதையும் பொம்மைப் படமாக எடுத்தார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவரே 1904-ல் எழுதிய சின்னக் கதைதான். சாண்டாவை ஐந்து குகைப் பூதங்கள் கடத்திவிடுகின்றன. நாலு பூதங்கள் சுயநலம், பொறாமை, வெறுப்பு, வன்மம். வள்ளுவர் அழுக்காறு, அவா, வெகுளி, இன்னாச்சொல் என்று நாலைச் சொன்னாரே, ஏறக்குறைய அந்தப் பட்டியல்தான். ஐந்தாவது பூதம், செய்த தப்பை நினைத்து வருந்தும் மனவருத்தம். மற்ற நாலு குகைகளிலிருந்தும் அவன் குகைக்கு வழி இருக்கிறது, அங்கே போனவன் தப்பிக்கவும் வழி உண்டு. சாண்டாவை அவிழ்த்துவிடுவதும் அவன்தான். ஆனால் அவனும் கடத்தின கூட்டத்தில் ஒருவன், அதை பாம் மறைக்கவே இல்லை.

பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்ற பேச்சும் உங்கள் கட்டுரையில் இருந்தது. 1994-ல் ஹொலாண்டா புயல் அடித்து ஊரெல்லாம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, தூனி மின்வி என்ற ஒரு ராத்திரி அரக்கன் சுற்றுகிறான் என்று இந்தத் தீவே நடுங்கியது. நடுங்கினவர்களில் பெரியவர்கள்தான் அதிகம், கதவுக்குக் கட்டையை முட்டுக் கொடுத்தது அவர்கள்தான். கதையில் வரும் அரக்கன் பக்கத்தைத் திருப்பினால் போய்விடுவான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வருகிற டிசம்பரில் அந்த ஐந்து குகைக் கதையைச் சிறுவர் பக்கத்தில் போடுங்கள். பாம் 1919-லேயே காலமாகிவிட்டார், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பூதங்களுக்கு முன்கதை எதுவும் சேர்க்காமல், அவர் எழுதினபடியே தமிழில் தாருங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்