அப்பா தட்டைப் பாத்தவங்களுக்கு ஒரு நன்றி மடல்

அப்பா வீட்டுக்கு வந்து அஞ்சு வாரம் ஆச்சு, இப்பதான் உக்காந்து எழுத முடிஞ்சுது. நுரையீரல் இன்ஃபெக்‌ஷனுக்கு வைத்தியம் பாத்த டாக்டர்களுக்கு நேர்லயே நன்றி சொல்லிட்டோம், இது மத்தவங்களுக்கு.

முதல்ல டயட்டீஷியன் மேடம். அப்பா சாப்பிடலங்கறத நாங்க யாரும் பெருசா எடுத்துக்கவே இல்ல, காய்ச்சக்காரருக்கு வாய் கசக்கும், சரியானா தானா சாப்பிடுவார்னு விட்டுட்டோம், இதுல ஸ்கேனுக்குன்னு ரெண்டு நாள் காலைலேர்ந்து வெறும் வயித்துல வச்சுட்டு சாயங்காலம் நாளைக்குப் பாத்துக்கலாம்னுட்டாங்க, அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகல. நீங்க வந்ததும் ஃபைலைத் திறக்கல, அப்பா கையத் தூக்கினீங்க, வாட்ச் வழுக்கிட்டு முழங்கைகிட்ட போய் நின்னுச்சு. ஆறு மாசம் முன்னாடி என்ன வெயிட்னு கேட்டீங்க. 62 கிலோ. அன்னைக்கு 54. சத்துக்குறைவு ஆபத்து எவ்ளோன்னு பாக்கற மஸ்ட் ஸ்கோர்னு ஒரு கணக்க தாள்ல போட்டுக் காட்டினீங்க, 10 சதவீதத்துக்கு மேல எடை போனதுக்கு 2, உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு பாக்கற பிஎம்ஐ 19-க்கு 1, ஆக 3, 2 வந்தாலே ஹை ரிஸ்க்காம். கால்ல நீர் கோத்திருக்கு, அதனால அந்த 54-மே பொய்க்கணக்குன்னு சொல்லி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சதை இருக்க வேண்டிய இடத்துல குழி விழுந்திருக்கறதத் தொட்டுக் காட்டினீங்க. தினம் பாத்த கைதான், எங்களுக்குத் தெரியல பாருங்க. ரத்தத்துல ஆல்புமின்ங்கற புரோட்டீன் கம்மி, புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கியாரவான்னு நான் துள்ளினப்போ, இன்ஃபெக்‌ஷன் வந்தாலே ஆல்புமின் இறங்கும், அத வச்சு சத்துக்குறைவ முடிவு பண்ண மாட்டோம்னு பொறுமையா சொன்னீங்க.

அடுத்து நைட் ட்யூட்டி சிஸ்டர், உங்களுக்கு நன்றியோட ஒரு மன்னிப்பும் இருக்கு. மூக்கு டியூப் வழியா முதல் நாள் வெறும் 500 சொச்சம் கலோரிதான்னு தெரிஞ்சதும், பத்து நாளா பட்டினி கெடந்த மனுஷனுக்கு இவ்ளோதானான்னு ராத்திரி ரெண்டு மணிக்கு உங்ககிட்ட கத்திட்டேன். நீங்க பதிலுக்குக் கத்தல. காஞ்ச உடம்புக்கு திடீர்னு நெறைய கொடுத்தா இன்சுலின் ஏறி ரத்தத்துல இருக்கற பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள்ள ஓடிடும், ஹார்ட்டே தடுமாறும், அதனாலதான் மொதல்ல தயாமின்ங்கற வைட்டமின் பி1 போட்டுட்டு கிலோவுக்கு 10 கலோரியில ஆரம்பிக்கறோம்னு சொன்னீங்க. மறுநாள் ரிப்போர்ட்ல, அவ்ளோ மெதுவா போயும் பாஸ்பேட் இறங்கித்தான் இருந்துச்சு, ட்ரிப்ல ஏத்தினாங்க. நான் சொன்னத கேட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

முழுங்கறது சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணி டியூப எடுக்க வச்ச தெரபிஸ்ட்டுக்கும் நன்றி.

அப்புறம் ட்ரே தர்ற அண்ணா. டியூப் எடுத்த பிறகும் தட்டு அப்படியே திரும்பிப் போயிட்டிருந்துச்சு, எல்லாரும் பசியில்ல பசியில்லன்னோம். நீங்க மட்டும்தான் "ஐயாவுக்கு பல்செட் உண்டா?"ன்னு கேட்டீங்க. அட்மிட் ஆன அன்னைக்கு டிஷ்யூல சுத்தி ட்ராயர்ல போட்டது அங்கயே கெடந்துச்சு! கழுவி மாட்டினோம், அன்னைக்கு பாதித் தட்டு உள்ள போச்சு. அதுக்கப்புறம் தட்டை எடுக்கறப்பல்லாம் கால், அரை, முக்கால்னு சிஸ்டர்கிட்ட சொல்லி சார்ட்ல எழுத வச்சீங்களே, அது உங்க வேலையில்லன்னு எனக்குத் தெரியும்ணா.

போன வாரம் செக்கப், எடை 57, இப்ப கால்ல வீக்கம் கிடையாது. கைப்பிடி பலம் பாக்கற மீட்டர்ல 16 கிலோ காட்டினவர் 22 காட்டறார், ஆம்பளைக்கு 27-க்குக் கீழ இருந்தா பலம் கம்மின்னு கணக்காம், அதனால இன்னும் தூரம் இருக்கு. வாட்ச் ஸ்ட்ராப்ல புதுசா ஒரு ஓட்டை போடவான்னு கேட்டேன், வேணாம், கை வரும்னுட்டார்.