எரிபொருள் மீட்டர் கூட்டிக் காட்டும் கரியமில வாயு: புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

எங்கள் சரக்குக் கப்பலின் மெயின் இன்ஜினுக்காக உங்களிடம் வாங்கிய இரண்டு எரிபொருள் மீட்டர்களும் (போகும் எண்ணெய்க்கு ஒன்று, திரும்பி வருவதற்கு ஒன்று) அவற்றின் மென்பொருளும், கப்பல் வெளியிடும் கரியமில வாயுவைக் கூட்டிக் காட்டுகின்றன. ரோட்டர்டாம் போய்வரும் கப்பல் இது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வெளியிடும் வாயுவுக்குக் காசு கட்ட வேண்டும்: 2024 கணக்கில் 40 சதவீதத்துக்கு, 2025-க்கு 70, 2026 முதல் முழுவதுக்கும்.

கோளாறு எங்கே என்று எங்கள் சீஃப் இன்ஜினியரே கண்டுபிடித்துவிட்டார். உங்கள் மீட்டர் அளப்பது கன அளவை. கனரக எண்ணெயை 130 டிகிரி வரை சூடாக்கித்தான் இன்ஜினுக்கு அனுப்புகிறோம். அந்தச் சூட்டில் அது விரிந்திருக்கும். உங்கள் மென்பொருளோ பங்கர் ரசீதில் (கப்பலில் எண்ணெய் நிரப்பும்போது தரும் ரசீது) உள்ள 15 டிகிரி அடர்த்தியால் அப்படியே பெருக்குகிறது. ரசீதில் கன மீட்டருக்கு 991 கிலோ என்று இருக்கும் எண்ணெய், 130 டிகிரியில் சுமார் 912 கிலோதான். 100 கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 டன் எண்ணெய் எரிக்காமலே கணக்கில் ஏறுகிறது. கனரக எண்ணெய்க்கான 3.114 என்ற காரணியால் (ஒரு டன் எண்ணெய்க்கு இத்தனை டன் கரியமில வாயு) பெருக்கினால், வெளியிடாமலே கணக்கில் ஏறும் வாயு 25 டன்!

டேங்க் சவுண்டிங்கையும் (டேங்கில் உள்ள எண்ணெய் மட்டத்தை அளப்பது) பங்கர் ரசீதையும் வைத்துப் போட்ட கணக்கு உங்கள் மீட்டர் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. எங்கள் வாயுக் கணக்கைச் சரிபார்க்கும் சரிபார்ப்பாளர் விளக்கம் கேட்டிருக்கிறார். உங்கள் சேவைப் பிரிவுக்கு எழுதினால், கப்பலின் அடியில் பாசி பிடித்திருக்கும், சுரண்டிவிடுங்கள் என்று பதில் வருகிறது. பாசி பிடித்தால் எண்ணெய் கூடுதலாகச் செலவாகும், சரி. அந்தச் செலவு டேங்கிலும் தெரிய வேண்டாமா?

அப்புறம், பிழை 0.5 சதவீதத்துக்குள் என்று உங்கள் விளம்பரத் தாளில் போட்டிருக்கிறீர்கள். அது ஒரு மீட்டருக்கு. இன்ஜினுக்குப் போன எண்ணெயிலிருந்து திரும்பி வந்ததைக் கழித்தால்தான் எரிந்தது தெரியும். எரிவதைப் போல 3 மடங்கு சுற்றும்போது, இரண்டு மீட்டரும் எதிரெதிராகப் பிழை காட்டினால் பிழை எரிந்ததில் 2.5 சதவீதம் வரை போகும். விற்கும்போது இதை யாரும் சொல்லவில்லை.

மென்பொருளில் வெப்பநிலைத் திருத்தத்தைச் சேர்த்து, பழைய பதிவுகளையும் மறுபடி கணக்கிட்டு, எழுத்துபூர்வமாகத் தாருங்கள். முடியாதென்றால் எடையை நேரடியாக அளக்கும் கோரியாலிஸ் மீட்டர்களை உங்கள் செலவில் மாற்றிக் கொடுங்கள். இரண்டு மீட்டர்களின் அளவுத்திருத்தச் சான்றிதழ்களும் வேண்டும். சரிபார்த்த ஆண்டறிக்கையை நாங்கள் மார்ச் 31-க்குள் ஒப்படைத்தாக வேண்டும். சரிபார்ப்பாளருக்கு நேரம் தேவை என்பதால் பிப்ரவரி முடிவதற்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் வழக்கறிஞர் மூலம் இழப்பீடு கோருவோம்.

இப்படிக்கு,
கப்பல் தொழில்நுட்பக் கண்காணிப்பாளர்